கப்பலேறிய இரண்டு சாவிகள்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள், நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பூஜ்ஜியம் என்பார்கள். மூன்றும் தவறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தைக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் கடலோசை நகர்க்காரர்களைக் கேளுங்கள், 'கோரம்' என்று சொல்வார்கள். ஒரு கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிற கணக்கு அது. நெருப்பில்லாமல் மனிதன் வெகுகாலம் இருந்திருக்கிறான். கோரம் இல்லாமல் கடலோசை நகரில் ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றியதாக வரலாறு இல்லை.

இந்த வரலாற்றைக் கட்டிக் காத்து வருபவர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் பன்னீர்செல்வம். அணு ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு குண்டூசி வாங்கியவர் என்று அவரை எந்தத் தணிக்கையாளரும் சொல்லிவிட முடியாது. சட்டைப் பையில் ஒரு பேனா, அதன் பக்கத்தில் சங்கத்தின் ரப்பர் முத்திரை. மை தானாக ஊறும் ரகம். குளிக்கும்போது மட்டும்தான் அதைப் பிரிவார் என்று அவர் மனைவி சியாமளா சொல்வதில் மிகை ஒன்றுமில்லை.

நகரின் பெருமை அதன் பல்நோக்குக் கூடம். உயரமான தூண்கள் மேல் அரசு நிதியில் எழுப்பிய கெட்டிக் கட்டடம். 'புயல், வெள்ளக் காலங்களில் சுற்றுவட்டாரப் பொதுமக்கள் தங்குமிடம்' என்று வாசலில் ஒரு கல்வெட்டு உண்டு. கல்வெட்டின் மீது வெயில் படக் கூடாதே என்று அதற்கு முன்னால் ஒரு பெரிய செருப்பு அலமாரியை நிறுத்திப் பாதுகாத்து வருகிறார்கள். உள்ளே வழவழவென்று பலகை பதித்த பேட்மின்டன் தளம். கூடத்தின் பல நோக்கங்களில் முதலாவது பேட்மின்டன். இரண்டாவது, பேட்மின்டன் தளம் கெடாமல் பார்த்துக்கொள்வது. மற்ற நோக்கங்கள் பரிசீலனையில் இருக்கின்றன.

நகருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓரமாகச் சில குடும்பங்கள் குடிசை போட்டிருக்கின்றன. நகரைக் கட்டியபோது லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கிச் சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். அதுவரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மழைத் தண்ணீருக்கு இதுபற்றி முறையான அறிவிப்பு அனுப்பப்படவில்லை போலும். அது பழைய பழக்கத்தில் வந்து மதிலில் முட்டி, திரும்பி, குடிசைகளுக்குள் போய்விடுகிறது. அவற்றில் ஒன்றில்தான் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மா இருக்கிறாள். புருஷன் அப்பாசாமிக்கு வலது கால் விளங்காது. கூட மகன், மருமகள் பொன்னி, அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

போன வருஷ மழையில் தண்ணீர் ஏறியபோது கன்னியம்மா செயலாளருக்குப் போன் போட்டாள். "கூடத்தத் தொறக்கட்டா சார்?" என்றாள். "சரி, தொற" என்றார் பன்னீர்செல்வம். அது வாய்ப்பேச்சு. பிறகு தளத்தில் சேற்றுக் காலடிகள் கண்டுபிடிக்கப்பட்டு ஒரு விசாரணைக் கூட்டம் கூடியது. "நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை" என்றார் பன்னீர்செல்வம். அது மினிட்ஸ். நிர்வாக நலனுக்காகத் தன் ஞாபகசக்தியையே தியாகம் செய்த செயலாளரை உறுப்பினர்கள் கைதட்டிப் பாராட்டினார்கள். கன்னியம்மாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவளிடமிருந்த சாவி போயிற்று. கதவுக்கு இரண்டு புதுப் பூட்டு வந்தது. ஒன்றின் சாவி செயலாளரிடம், இன்னொன்றின் சாவி பொருளாளர் ஜெபகுமாரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கூடம் திறக்கும். அதுவும் கோரத்தோடு தீர்மானம் போட்டால்தான்.

இப்படி ஓயாது உழைத்த செயற்குழு கொஞ்சம் ஓய்வு கொள்ள வேண்டாமா? சென்னைத் துறைமுகத்தில் ஏறி, திரிகோணமலை, அம்பாந்தோட்டை, மாலத்தீவு என்று கடலைச் சுற்றிக்கொண்டு திரும்பும் 'ஆனந்த சாகரி' என்ற சொகுசுக் கப்பலில், கூட்டமாகப் போனால் சலுகை என்று விளம்பரம் வந்தது. செயற்குழு ஏகமனதாகக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டது. முழங்கால் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் போன ஒருவரும், மகன் வீட்டில் பேரக்குழந்தை பார்க்க அமெரிக்கா போன ஒருவரும்தான் பாக்கி. நவம்பர் மாதத்தில் வங்கக் கடலா என்று சியாமளா ஒரு தடவை கேட்டாள். அவள் செயற்குழு உறுப்பினர் இல்லை என்பதால் அந்தக் கேள்வி பதிவாகவில்லை.

துறைமுகச் சோதனை வாசலில் பன்னீர்செல்வத்தின் பை கீச்சிட்டது.

"உள்ள என்ன சார் இரும்பு?" என்றார் சோதனைக்காரர்.

"பல்நோக்குக் கூடத்துச் சாவி."

பின்னாலேயே ஜெபகுமாரின் பையும் கீச்சிட்டது. "என்னோடதும் அதேதான். ரெண்டும் சேந்தாத்தான் தொறக்கும்" என்றார் அவர். யாரை நம்பியும் விட்டுவிட்டு வராத இரண்டு பெரிய மனிதர்களையும் சோதனைக்காரர் ஒரு கும்பிடு போட்டு உள்ளே அனுப்பினார்.

கப்பல் வாழ்க்கைக்கு அவர்கள் பழகிய வேகம் கப்பல்காரர்களையே திகைக்க வைத்தது. விடிவதற்குள் நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த சாய்வு நாற்காலிகள் அத்தனையிலும் துண்டு போட்டு இடம் பிடித்தாயிற்று. துண்டு போதாத இடங்களில் கைக்குட்டை, ஒரு நாற்காலியில் மூக்குக் கண்ணாடிக் கூடு. மற்ற நாட்டுப் பயணிகள் அதன் சட்டபூர்வமான பொருள் புரியாமல் உட்காரப் போய், திருத்தப்பட்டார்கள். அறையைச் சுத்தம் செய்கிறவர் துவாலையைச் சுருட்டி யானை செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனதற்கு, துவாலை துவாலையாகவே வேண்டும் என்று புகார் கொடுக்கப்பட்டது. ஆபத்துக் காலப் பயிற்சி என்று எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டி மேல்தளத்தில் நிறுத்தியபோது, தலைவர் ஹரிகிருஷ்ணன் பயிற்சி அளித்த மாலுமிக்கே பயிற்சி அளித்தார். அவரும் பன்னீர்செல்வம் வேலை பார்த்த அணு ஆராய்ச்சி நிலையத்தில்தான், பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். எந்த ஆபத்தையும் புள்ளிக்குப் பிறகு ஆறு பூஜ்ஜியம் போட்டுத்தான் பேசுவார்.

மூன்றாம் நாள் காலை கதவிடுக்கு வழியாக ஒரு தாள் வந்தது. 'இன்றைய திட்டம்: மாறுதலுக்குட்பட்டது' என்று தலைப்பு. வங்கக் கடலில் காற்றழுத்தம் வலுக்கிறது, திரிகோணமலைக்குப் போகவில்லை, கப்பல் தெற்கே விலகிச் செல்லும் என்று கேப்டன் தெரிவித்திருந்தார்.

செயற்குழு உடனே சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. "ஒரு இடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போகாம இருக்க இவங்க யாரு?" என்றார் ஜெபகுமார்.

"காத்தழுத்தம் சார்" என்றாள் துணைச் செயலாளர் பிரதீபா. சிறுசேரியில் மென்பொருள் அலுவலகத்தில் இருப்பவள். 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லிவிட்டுக் கப்பலில் இருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்தழுத்தம் நமக்கு முன்கூட்டி நோட்டீஸ் குடுத்துச்சா?"

கொடுக்கவில்லை. எனவே, 'பயணத் திட்டத்தில் தன்னிச்சையாகத் தலையிட்டுள்ள வானிலையை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. பன்னீர்செல்வம் கையெழுத்திட்டு முத்திரை குத்தி, நகலை வரவேற்பு மேஜையில் இருந்த சாராள் என்ற நாகர்கோவில் பெண்ணிடம் கொடுத்தார். அவள் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள். கப்பல் வேலைக்கு எடுக்கும்போது இதற்குத்தான் முதலில் பரீட்சை வைப்பார்கள் போலிருக்கிறது.

வானிலை பதில் அனுப்பவில்லை. மறுநாள் அம்பாந்தோட்டையும் போயிற்று. அதற்கு மறுநாள், புயல் திசை மாறி மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே கரையேறும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். கப்பல் புயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகு தூரத்தில் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, நாம ஊர்ல இருந்திருந்தா மாட்டியிருப்போம். கேப்டன் கெட்டிக்காரன்" என்றார் ஹரிகிருஷ்ணன். வானிலைக் கண்டனம் அந்த அளவில் திரும்பப் பெறப்பட்டது.

அன்று மத்தியானம் பன்னீர்செல்வத்தின் போனில் ஒரு குரல்செய்தி வந்து விழுந்தது. இணைய இணைப்பு, பிரதீபா அலுவலகத்துக்காகத் தனியே வாங்கியதைத் தவிர, சங்கத்துக்குப் பொதுவாக ஒன்றே ஒன்று வாங்கி அவர் பெயரில் இருந்தது. கன்னியம்மாவின் குரல், பின்னால் காற்றின் இரைச்சல்.

"சார், கன்னிம்மா பேசறேன். வூட்டாண்ட தண்ணி வந்துச்சி சார். முட்டி வரைக்கும் கீது. ஸ்கூலாண்ட போலாம்னா நடுவுல ரோடே தெர்ல. எங்க வூட்டுக்காரரால நடக்க முடியாதுன்னு உனுக்கே தெரியும். பொன்னி கொய்ந்தைய வெச்சிகினு அய்துகினு கீது. கூடத்தத் தொறக்கச் சொல்லு சார். சீக்கிரமா சொல்லு சார்."

அதற்குப் பின் ஒரு குழந்தையின் அழுகை கொஞ்ச நேரம் கேட்டு அறுந்தது. பன்னீர்செல்வம் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் செயலாளர். போனை எடுத்துக்கொண்டு நேரே தலைவரிடம் ஓடினார்.

"எமர்ஜென்சிக் கூட்டம் போடலாம். ஆனா அதுக்கும் ஒரு மணி நேரம் முன்னால நோட்டீஸ் குடுக்கணும்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் கடல் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. தூரத்துப் புயலின் அலை கப்பலின் அடித்தளத்தை ஓங்கி அறைந்தது. சங்கத்தார் சலுகை விலையில் பிடித்திருந்த அறைகள் அங்கேதான் இருந்தன. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பச்சைத் தண்ணீர். ஒரு அறையில் கால் நனையும் அளவுக்கு உள்ளேயும் வந்துவிட்டது. 'அடித்தளப் பயணிகள் உடனே மேலே நாடக அரங்கத்துக்கு வரவும்' என்று ஒலிபெருக்கி அறிவித்தது. பணக்காரப் பயணிகளுக்கு மட்டும் என்று கயிறு கட்டியிருந்த அரங்கம் அது. சாராள் கயிற்றை அவிழ்த்து வீசிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பன்னீர்செல்வம் வாசலில் நின்று பேனாவை எடுத்தார். "எங்கம்மா கையெழுத்து போடணும்?"

"கையெழுத்தா? எதுக்கு சார்? உள்ள வாங்க, பாத்து, தல இடிச்சிரும்."

"அடையாள அட்டை நகல்?"

"சார், உள்ள போங்க சார்!"

நடைமுறை இவ்வளவு தளர்வாக இருக்கிறதே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. உள்ளே போனார். வெல்வெட் இருக்கை, தோளுக்குக் கம்பளி, கைக்கு ஒரு கோப்பை சூடான சூப். ஈரச் செருப்போடு எல்லோரும் கம்பளத்தின் மேல் நடந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அறிவிப்பு குடுக்கவே பத்து நிமிஷம் லேட். மனுஷ உயிர்னா இவனுங்களுக்கு விளையாட்டாப் போச்சு" என்றார் ஜெபகுமார், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

அந்தக் கம்பளிகளுக்குள் இருந்தபடியே அவசரக் கூட்டம் தொடங்கியது. கோரம் இருக்கிறதா என்று பன்னீர்செல்வம் தலை எண்ணினார். தேவைக்கு மேலேயே இருந்தது. நடுக்கடலில், ஆடும் கப்பலில், ஒரு குறைவும் இல்லாத கோரம். வேறெந்த நகருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

"முதல்ல இத எந்தத் தலைப்புல சேக்குறது?" என்றார் ஹரிகிருஷ்ணன். "நம்ம விதிப்படி கூடத்த மூணு காரணத்துக்குத்தான் வெளியாளுக்கு விடலாம். கல்யாணம், பிறந்தநாள், இரங்கல் கூட்டம்."

"இரங்கல்னு போட முடியாது. இதுவரைக்கும் யாரும் சாகல" என்றார் ஜெபகுமார்.

"அப்ப பிறந்தநாள்?"

"யாருக்கு?"

"விசாரிச்சா அவங்கள்ல யாருக்காவது இன்னிக்கு இருக்கும்."

பார்வையாளர் வரிசையில் இருந்து சியாமளா கையைத் தூக்கினாள். பார்வையாளர்கள் கடைசியில் 'இதர பொருள்கள்' என்ற தலைப்பில்தான் பேசலாம் என்று தலைவர் நினைவூட்டினார். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

"ஒரு கூகிள் ஃபார்ம் அனுப்பிரலாம் சார்" என்றாள் பிரதீபா. "பேரு, வயசு, ஒரு வீட்டுக்கு எத்தன பேரு. டேட்டா இல்லாம எப்படி முடிவு எடுக்கிறது?"

"அங்க கரண்ட் இருக்காதேம்மா."

"கரண்ட் வந்ததும் ஃபில் பண்ணட்டும். நாம லிங்க அனுப்பிட்டா நம்ம சைடுல க்ளியர்."

அடுத்து, தளம். பேட்மின்டன் தளத்துக்குள் தடம் பதியாத ஷூ போட்டுத்தான் வர வேண்டும் என்பது விதி. ஷூ இல்லாதவர்கள் வெறுங்காலோடு வரலாமா, வந்தால் காலைத் துடைத்துவிட்டு வருவார்களா, துடைக்கிற துணி யாருடையது என்று விவாதம் நீண்டது. வெள்ளத்தில் வருகிறவர்களின் கால் இயல்பாகவே கழுவப்பட்டுத்தான் இருக்கும் என்று பன்னீர்செல்வம் ஒரு வாதத்தை முன்வைத்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு புரட்சி.

"எதுக்கு இவ்வளவு பதட்டம்?" என்றார் ஹரிகிருஷ்ணன். "தண்ணி கழுத்து மட்டத்துக்கு வர்ற வாய்ப்பு புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம் பூஜ்ஜியம்…" கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலைவர் மீதிப் பூஜ்ஜியங்களை விட்டுவிட்டு நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சியாமளா மறுபடி கையைத் தூக்கினாள். மறுபடி இறக்கப்பட்டது.

பன்னீர்செல்வத்தின் போன் சட்டைப் பையில் இரண்டு தடவை அதிர்ந்தது. கூட்டம் நடக்கையில் செயலாளர் போனைப் பார்ப்பது மரபல்ல. அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த அதிர்வு முத்திரையோடு மோதி டக் டக் என்று நெஞ்சில் தட்டியது. சூப்பைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. 'மனிதாபிமான அடிப்படையில், இதை ஒரு முன்னுதாரணமாகக் கொள்ளாமல், பிறந்தநாள் விழா எனும் தலைப்பின் கீழ், காலைத் துடைத்துக்கொண்டு வருபவர்களுக்கு மட்டும் பல்நோக்குக் கூடம் திறந்துவிடப்படலாம்.' எல்லோரும் கைதட்டினார்கள். சிலருக்குக் கண்ணில் நீர் கூட வந்தது. நம்மைப் போல் மனசு யாருக்கு வரும் என்று ஜெபகுமார் தழுதழுத்தார்.

"இதர பொருள்கள்" என்றார் தலைவர்.

சியாமளா எழுந்தாள். "ரெண்டு சாவியும் இங்க, கப்பல்ல, நம்மகிட்டதான் இருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கைக்குட்டையை மடித்து வைத்தார்கள்.

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சீறினார் ஜெபகுமார். சியாமளா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சரி, பூட்ட ஒடைக்கச் சொல்லலாமா?" என்றாள் பிரதீபா.

"ஒடைக்கிறதா? பூட்டு நிலைச் சொத்தும்மா" என்றார் ஹரிகிருஷ்ணன். "சேதப்படுத்தணும்னா பொதுக்குழு கூட்டி மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். புதுப் பூட்டுக்கு மூணு கொட்டேஷன் வேணும். என்ன பன்னீர், நீங்கதான விதியே எழுதினீங்க? வாசிங்க."

பன்னீர்செல்வம்தான் எழுதினார். ஒவ்வொரு வரியும் அவர் கைப்பட எழுதியது. கம்பளியை மடித்து நாற்காலியில் வைத்தார். "பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். செயலாளர் பாத்ரூம் போக கோரம் தேவையில்லை.

வரவேற்பு மேஜைப் பக்கம் இணைப்பு நன்றாகக் கிடைக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்து கன்னியம்மாவைக் கூப்பிட்டார்.

"கன்னியம்மா, பூட்ட ஒடச்சிடு."

"இன்னா சார் சொல்ற? காத்துல ஒண்ணும் கேக்கல!"

"பூட்ட ஒடச்சிடு! ரெண்டையும் ஒடைச்சி உள்ள போங்க!"

எதிர்முனையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கன்னியம்மா அவசரப்படவில்லை.

"இப்ப சொல்லுவ சார். நாளிக்கு மீட்டிங்ல 'நான் சொன்னதா நெனப்பு இல்ல'ன்னுவ. போன தபா அப்படித்தான சொன்ன? அப்ப லெட்டரோட போச்சு. இப்போ பூட்ட ஒடச்சா போலீஸ இட்டுகினு வருவாங்க. என் புள்ளயத்தான் இஸ்துகினு போவாங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்போம்? கூடத்துப் படிக்கட்டுலதான் அல்லாரும் நின்னுகினு கீறோம். தண்ணி மதில தாண்டிப் படி ஏறிகினே வருது. எங்க வூட்டுக்காரர அந்தச் செருப்பு ஸ்டாண்ட நவுத்திப் போட்டு அது மேல குந்த வெச்சிகீறோம். அதுக்குப் பின்னால கல்லுல இன்னாவோ எய்தியிருந்துச்சி சார். பொன்னி படிச்சிக் காட்டிச்சி."

அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். அலமாரியை வாங்கியதே அவர்தான், மூன்று கொட்டேஷன் வாங்கி.

"எய்திக் குடு சார். சீல் வெச்சிக் குடு. அப்பத்தான் கை வெப்போம்" என்றாள் கன்னியம்மா.

இத்தனை வருஷமாக அவர் இந்த உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததை உலகம் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது. மேஜை மேல் கிடந்த 'இன்றைய திட்டம்: மாறுதலுக்குட்பட்டது' தாளைத் திருப்பிப் போட்டார். எழுத ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் கை தன் குணத்தை விடவில்லை. 'பொருள்: பூட்டு உடைத்தல் — அனுமதி வழங்கல் — தொடர்பாக. பார்வை: தங்கள் குரல்செய்தி' என்று எழுதிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தது. 'இரண்டு பூட்டுகளையும் உடனே உடைத்து அனைவரும் உள்ளே செல்லவும். சொன்னது நான்தான். பொறுப்பு என்னுடையது.' பையில் இருந்து முத்திரையை எடுத்து, தன் இடத்துக்குத் திரும்பியிருந்த சாராளிடம் ஆடுகிற மேஜையில் தாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஓங்கிக் குத்தினார். போட்டோ எடுத்து அனுப்பினார்.

வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. ஒரு டிக் விழுந்தது. பன்னீர்செல்வம் வாழ்க்கையில் எந்த சாமியையும் அப்படி வெறித்துப் பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்து இரண்டாவது டிக். பிறகு இரண்டும் நீலமாயின.

அப்புறம் ஒரு குரல்செய்தி வந்தது. இரும்பு மேல் இரும்பு அடிக்கும் சத்தம், கூச்சல், கதவு சுவரில் மோதும் சத்தம். கடைசியில் கன்னியம்மா. "ரெண்டு பூட்டும் ஒடஞ்சி பூட்ச்சி சார். அல்லாரும் உள்ள வந்துட்டோம். கொய்ந்த தூங்குது." பன்னீர்செல்வம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. சாராள் ஒரு துவாலையை எடுத்துக் கொடுத்தாள். அது யானையாக இருந்தது. பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புயல் அன்று சாயங்காலம் கரை கடந்தது. கால்வாயோரம் ஒரு குடிசைகூட நிற்கவில்லை. ஆள் சேதம் மட்டும் இல்லை, எல்லோரும் கூடத்தில் இருந்ததால்.

சில வாரங்கள் கழித்து, 'வங்கக்கரை சேவைக் கழகம்' என்ற அமைப்பு சங்கத்துக்கு ஒரு கேடயம் வழங்கியது. 'புயலில் மக்களைக் காத்த முன்மாதிரிச் சங்கம்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். ஹரிகிருஷ்ணன் பொன்னாடை போர்த்தப்பட்டு, "நடுக்கடலில் எங்கள் உயிரே ஊசலாடிய நேரத்திலும் எங்கள் சிந்தையெல்லாம் கால்வாய்க்கரை மக்களிடமே இருந்தது" என்று ஏற்புரை நிகழ்த்தினார். அப்போது அந்தக் கால்வாய்க்கரை மக்கள் சாலையோரம் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். மழை விட்ட மறுநாளே, வரவிருந்த பேட்மின்டன் போட்டியை முன்னிட்டு, கூடத்தைக் காலி செய்து கொடுக்கும்படி அவர்களிடம் அன்போடு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

நிர்வாகம் என்றால் பாராட்டு ஒரு கண், ஒழுங்கு ஒரு கண். தீர்மானமின்றி நிலைச் சொத்தைச் சேதப்படுத்தத் தூண்டியதற்காகச் செயலாளரிடம் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புவதென்று முடிவாயிற்று. சங்கத்தின் நோட்டீஸ்களில் செயலாளர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதால், பன்னீர்செல்வமே தனக்குத்தானே அதை எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றுக்கொண்டார். பதிலும் அவரே எழுதினார். 'நான்தான் சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது.' சியாமளா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, அன்று அவருக்குக் கேட்காமலே காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கூடத்துக்கு இப்போது பூட்டு மூன்று. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆளுக்கொரு சாவி. செருப்பு அலமாரி பழுது பார்க்கப்பட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வருகிற நவம்பரில் எந்தக் கடலுக்குப் போகலாம் என்று ஓர் உபகுழு ஆராய்ந்து வருகிறது.

கேடயம் மாட்டும் வைபவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. தளத்தை ஒட்டிய சுவரில், வலைக்கு நேராக, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரிகிற மாதிரி ஆணி அடித்திருந்தார்கள். கன்னியம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பன்னீர்செல்வம் ஸ்டூலில் ஏறிக் கேடயத்தைத் தூக்கினார்.

"நேரா இருக்கா கன்னியம்மா?"

அவள் நிமிர்ந்து கேடயத்தைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்ததைப் பொன்னி அவளுக்கு முன்பே படித்துக் காட்டியிருந்தாள்.

"நேராத்தான் கீது. ஆனா வெளில மாட்டு சார்" என்றாள். "உள்ள மாட்டிட்டு மூணு பூட்டு போட்டீன்னா, நீங்க காப்பாத்துனத நாங்க எப்பிடிப் பாக்கறது?"